ராத்திரி பத்து மணிப் பழைய பாட்டு அடுத்த மாதம் முதல் இல்லையாமே?

வாடைக்காற்று (பாம்பன்) — ஞாயிறு மாலை 6.20

சென்னையிலிருந்து வரும் அந்த எஃப்எம்மைப் பற்றித்தான் கேட்கிறேன். பெயர் வேண்டாம், எதைச் சொல்கிறேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இரவு 10 மணியிலிருந்து 1 மணி வரை பழைய பாட்டு போடுகிறார்களே, அது. சென்னையில் உட்கார்ந்து பேசுவதை அப்படியே தூத்துக்குடி ஸ்டேஷனிலும் விடுகிறார்கள். நமக்கு வருவது தூத்துக்குடி வழியாகத்தான்.

அடுத்த மாதம் முதல் அது கிடையாதாம். சென்னையில் ஸ்டேஷனையே மாற்றுகிறார்களாம். நாள் முழுக்கப் புதுப்பாட்டு, பேச்சு குறைவு, இரவில் ஆளே இல்லாமல் கம்ப்யூட்டர் வரிசையாகப் போட்டுக்கொண்டு போகும் என்கிறார்கள். ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் விளம்பரம் பிடிக்க வருகிறவர், "ராத்திரி நேரத்துக்கு இனிமேல் ஆர்டர் எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க அண்ணாச்சி" என்றாராம்.

நானே கவனித்ததும் உண்டு. மூன்று வாரமாக அதில் பேசுகிற ஆள் நேயர் போன் எடுப்பதில்லை. நடுநடுவே வரும் சின்ன மெட்டை மாற்றிவிட்டார்கள், அதில் 'பழைய' என்ற வார்த்தையே இப்போது இல்லை. போன வாரம் ஒரே பாட்டு அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தது. முன்பெல்லாம் அவர் அப்படி விடவே மாட்டார்.

கரையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். எங்கள் போட்டில் இரவில் வலை விட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போது டிரைவரும் இன்னொருவரும்தான் விழித்திருப்போம். போனில் டவர் எப்போதோ போயிருக்கும். இரண்டு பேனா செல் போட்ட செட், கேபின் ஆணியில் தொங்கும். அந்தக் குரல் வந்தால் மணி பத்து. ஒரு மணிக்கு அவர் விடைபெற்றதும் மற்றவர்களை எழுப்பி வலையைத் தூக்குவோம். இரண்டு வருடமாக எங்களுக்கு அதுதான் கடிகாரம்.

யாருக்காவது விஷயம் உறுதியாகத் தெரியுமா?


சாயல்குடி மிளகாய் (இப்போது சென்னை) — ஞாயிறு மாலை 7.05

நான் விளம்பரத் தொழிலில் இருப்பவன். ஸ்டேஷன் ஆள் இல்லை, ஆனால் அவர்களோடு தினமும் பேசுகிறவன். மாறப் போகிறது என்றுதான் இங்கேயும் பேச்சு. எப்போது, எப்படி என்பது எனக்கும் தெரியாது. மாறினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அண்ணன் மனதைப் புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ரேடியோவில் நீங்கள் காசு கொடுத்தா பாட்டுக் கேட்கிறீர்கள்? விளம்பரக்காரர் கொடுக்கிறார். இரவு 10 மணிக்கு மேல் நகைக்கடைக்காரரும் கட்டுமானக் கம்பெனிக்காரரும் காசு போடுவதில்லை. அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஆள் சம்பளம், ஒரு தயாரிப்பாளர் சம்பளம், ஏசி, கரண்ட். எந்த முதலாளி தாங்குவார்? அதிலும் பாம்பனில் ஒரு போட்டில் இரண்டு பேர் கேட்கிறார்கள் என்பதற்காக?

பாட்டுதான் வேண்டுமென்றால் ஒரு மெமரி கார்டில் ஆயிரம் பாட்டு ஏற்றிக்கொண்டு போகலாம். இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.


தொண்டி டீச்சர் — ஞாயிறு இரவு 8.10

முதலில் வதந்தியையும் தடயத்தையும் பிரித்துக்கொள்ளலாம். போன் எடுப்பதில்லை என்றால் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்து போடுகிறார்கள் என்றுதான் பொருள், நிறுத்தப் போகிறார்கள் என்று ஆகாது. மெட்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுவதுதான். விளம்பரம் பிடிக்க வருகிறவர் சொன்னதை நான் நம்பவே மாட்டேன். பத்து மணி விளம்பரம் மலிவு. அது இல்லை என்று சொன்னால்தான் காலை ஏழு மணிக்குக் கூடுதல் காசு கொடுத்துக் கடைக்காரர் வருவார். ஒரே பாட்டு இரண்டு நாள் வந்தது மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

மிளகாய் தம்பிக்கு ஒரு கேள்வி. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கை யார் எடுக்கிறார்கள்?


சாயல்குடி மிளகாய் — ஞாயிறு இரவு 8.32

நல்ல கேள்வி டீச்சர். டைரி கொடுத்து வாரம் முழுக்க எழுதச் சொல்லி எடுக்கும் 'ராம்' கணக்கு மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா நான்கு ஊருக்குத்தான். சென்னைக்குக் கிடையாது. ராமநாதபுரத்தை விடுங்கள்.


தொண்டி டீச்சர் — ஞாயிறு இரவு 8.36

அப்படியானால் சென்னையிலேயே அந்தக் கணக்கு இல்லை. பழைய பாட்டுக்கு ஆள் இல்லை, புதுப்பாட்டுக்கு ஆள் அதிகம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?


சாயல்குடி மிளகாய் — ஞாயிறு இரவு 8.50

ஏஜென்சிகள் தனியாக ஆள் விட்டுக் கேட்கும். யூடியூபில் எது ஓடுகிறது என்று பார்ப்பார்கள். போட்டி ஸ்டேஷன் என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். மீதி ஊகம். ஒப்புக்கொள்கிறேன், பாதிக்கு மேல் ஊகம்தான். ஆனால் ஊகம் யாருடையதோ, காசும் அவருடையது.


மர்பி பெட்டி (கீழக்கரை) — ஞாயிறு இரவு 9.45

தம்பிமாருக்கு ஸலாம், வணக்கம். நாற்பது வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டி ரேடியோ வைத்திருந்த காலத்தில் தொழில் பழகியவன்.

'ஒரு போட்டில் இரண்டு பேர்' என்று மிளகாய்த் தம்பி கேலியாகச் சொல்லிவிட்டார். கணக்கு அப்படி இல்லை. தூத்துக்குடியிலிருந்து கடல் வழியாகக் கீழக்கரை 90 கிலோமீட்டர், பாம்பன் 130 கிலோமீட்டர் இருக்கும். தரையில் அவ்வளவு தூரத்துக்கு எஃப்எம் உருப்படியாக வராது. மன்னார் வளைகுடாவில் நடுவே மலையும் இல்லை, கட்டடமும் இல்லை. மாசி, பங்குனியில் தரையிலிருந்து வரும் சூடான காற்று கடலுக்கு மேலே இருக்கும் குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் மூடி போட்ட மாதிரி படுத்துக்கொள்ளும். சிக்னல் மேலே போய்த் தொலையாமல் அந்த மூடிக்குக் கீழே குழாயில் தண்ணீர் போவது போல ஓடும். அந்த மாதங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று அந்தக் கரை முழுக்கக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி ஸ்டேஷன்காரர்களுக்கே இது தெரியுமோ தெரியாதோ.

டீச்சர் ஊருக்கு வராது என்று நினைக்கிறேன். தொண்டி பாக் நீரிணைப் பக்கம்.


தொண்டி டீச்சர் — ஞாயிறு இரவு 9.58

வராது. எங்களுக்கு மதுரையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தூரம், 100 கிலோமீட்டரும் கொஞ்சமும். மதுரை இரைச்சலோடு வரும். யாழ்ப்பாணம் பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கும். நான் இந்தச் சென்னை நிகழ்ச்சியைப் பரமக்குடியில் அக்கா வீட்டுக்குப் போகும்போது மட்டும்தான் மதுரை வழியாகக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உணர்ச்சிவசப்படாமல் பேச முடிகிறது போலும்.


நண்டு கம்பெனி (மண்டபம்) — ஞாயிறு இரவு 10.20

நான் ஒருத்தியாவது சொல்லிவிடுகிறேன். மாற்றட்டும்.

எங்கள் வீட்டில் அப்பா அதைத்தான் வைப்பார். இப்போதுகூட ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மணி நேரமும் ஆம்பளைகள் அழுகிற பாட்டு. ஒருத்தி விட்டுவிட்டுப் போனாளாம், இவர் மலை மேலே நின்று பாடுகிறாராம். நடுவில் அந்த ஆள் வேறு, "காயம் பட்ட இதயங்களே" என்று ஆரம்பித்துவிடுவார். பகலெல்லாம் நண்டுச் சதை எடுத்து விரல் நுனி காயம் பட்டுக் கிடக்கிறது, அதைப் பற்றி ஒரு பாட்டு உண்டா?

கம்பெனியில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். சதை கிலோ கணக்கில்தான் எங்களுக்குக் கூலி. புதுப்பாட்டு ஓடினால் கை வேகமாகப் போகும். சோகப் பாட்டு வந்தால் ஐம்பது பேருக்கும் கை தளர்ந்துவிடும். சூப்பர்வைசரே ஓடிவந்து ஸ்டேஷனை மாற்றுவார்.


வாடைக்காற்று — ஞாயிறு இரவு 10.34

தங்கச்சி, பகலில் நீ எதை வேண்டுமானாலும் கேள். பகல் முழுக்கப் புதுப்பாட்டுதானே போடுகிறார்கள்? ராத்திரி மூன்று மணி நேரத்தையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?


நண்டு கம்பெனி — ஞாயிறு இரவு 10.37

ராத்திரி எங்களுக்குக் காது இல்லையா அண்ணே? தூங்காமல் இருக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் அதற்கும் குத்துப்பாட்டுதான் நல்லது. உங்கள் டிரைவர் அழுதுகொண்டே ஸ்டீயரிங் பிடிக்கிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.


வாடைக்காற்று — ஞாயிறு இரவு 10.41

அழுகிறார்தான். அது வேறு கதை.

நாளைக் காலை போட் கடலுக்குப் போகிறது, செவ்வாய்தான் வருவேன். நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருங்கள்.


ஒற்றைப்பனை (உச்சிப்புளி) — திங்கள் காலை 7.15

நான் கேள்விப்பட்டது வேறு. புதுப்பாட்டு இல்லை, முழுநேரச் செய்தியும் பேச்சுமாக மாறப் போகிறது என்றார்கள். தேர்தல் காசு வரும் என்பதற்காகவாம்.

எது வந்தால் என்ன? நம் ஊரில் ரேடியோ இல்லாத மாதிரி ஏன் சென்னையைப் பார்த்து ஏங்குகிறீர்கள்? பாம்பனில் கடல் ஓசை 90.4 இருக்கிறது. 2016-ல் ஆரம்பித்து மீனவருக்காகவே நடக்கிற சமுதாய வானொலி. காற்று, கடல், நம் ஆள் குரல், நம் பேச்சு. சென்னைக்காரர் என்றைக்காவது கச்சான் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று சொன்னாரா? அவருக்கு 'மிதமான மேற்குக் காற்று'தான் தெரியும்.


சாயல்குடி மிளகாய் — திங்கள் காலை 9.40

செய்தி ஸ்டேஷன் கதையை இப்போதே விட்டுவிடுங்கள். தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க இந்தியாவில் அனுமதியே இல்லை. ஆகாஷ்வாணி செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். போக்குவரத்து நெரிசல், வானிலை, விளையாட்டு, பரீட்சை முடிவு மாதிரியானவை செய்திக் கணக்கில் வராது, அதைச் சொல்லலாம். இதை வைத்துக்கொண்டு யாரும் முழுநேரச் செய்தி நடத்த முடியாது.

பழைய பாட்டுக்குக் கட்டணம் குறைவு, அதனால் தொடரலாமே என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் காப்புரிமை வாரியம் ஒரு உத்தரவு போட்டது. ஸ்டேஷனின் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம், பாட்டுக் கம்பெனிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று. பாட்டு எந்த வருடத்தது என்பதற்கு அதில் தனி விலை இல்லை. பத்து வருடம் அந்தப் பழக்கத்தில்தான் ஸ்டேஷன்கள் ஓடின. ஆகவே பழையதை நிறுத்துவது பாட்டுச் செலவுக்காக இல்லை, ஆள் செலவுக்காக.


தொண்டி டீச்சர் — திங்கள் மதியம் 1.05 (சாப்பாட்டு மணி)

ஆள் செலவு என்றால் ஒன்று புரியவில்லை. ஒரே ஆள் சென்னையில் பேசுகிறார், அது மதுரையிலும் தூத்துக்குடியிலும் போகிறது. மூன்று ஊருக்கு ஒரு சம்பளம். அதுவே சிக்கனம்தானே?


சாயல்குடி மிளகாய் — திங்கள் மதியம் 1.30

சிக்கனம்தான். ஒரு காலத்தில் அதற்கே கட்டுப்பாடு இருந்தது. 2005 கொள்கையில் சின்ன ஊர் ஸ்டேஷன்கள் மட்டும், அதுவும் ஒரே மண்டலத்துக்குள், நிகழ்ச்சியைப் பகிரலாம் என்றிருந்தது. 2011 கொள்கையில் ஒரு நிறுவனம் தன் எல்லா ஸ்டேஷனிலும் பகிரலாம் என்று திறந்துவிட்டார்கள். அப்புறம்தான் சென்னைக் குரல் தூத்துக்குடிக்கு வந்தது. சென்னை மாறினால் தூத்துக்குடியும் தானாக மாறும். அங்கே தனியாக ஒரு இரவு ஆளைப் போட யாரும் நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய ஸ்டேஷன்களின் உரிமம் 2015 ஏப்ரலிலிருந்து 15 வருடக் கணக்கு. 2030 மார்ச்சில் முடிகிறது. வருடாந்திரக் கட்டணம் மொத்த வருமானத்தில் 4 சதவீதம், ஆனால் வருமானம் விழுந்தாலும் ஒரு குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே இறங்காது. அடுத்து என்ன விலை கேட்பார்களோ என்ற நிலையில் எவரும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்.


நண்டு கம்பெனி — திங்கள் மதியம் 1.42

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புதுப்பாட்டும் எங்களுக்காகப் போடவில்லை போலிருக்கிறது. ஆள் இல்லாமல் ஓட்டலாம் என்பதற்காகப் போடுகிறார்கள்.


சாயல்குடி மிளகாய் — திங்கள் மதியம் 1.50

அப்படியும் சொல்லலாம்.


நண்டு கம்பெனி — திங்கள் மதியம் 1.51

அப்படியானால் நான் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். சோகப் பாட்டு வேண்டாம் என்பது மட்டும் நிற்கிறது.


மர்பி பெட்டி — திங்கள் மாலை 5.20

அஸர் தொழுதுவிட்டு வந்தேன், அதற்குள் இவ்வளவு ஓடிவிட்டது.

ஒற்றைப்பனைத் தம்பி சொன்னது நியாயம். கடல் ஓசையை நானும் கேட்பேன். ஆனால் சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் அனுமதி இல்லை, கம்பத்துக்கும் 30 மீட்டர் என்று எல்லை. 100 வாட் என்றால் நம் வீட்டுக் குண்டு பல்பின் சக்தி. கரையோரத்துக்கு அது போதும். ராத்திரி முழுக்க போட் ஓடிப்போகிற தூரத்துக்குப் போதாது. அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை, சட்டம் அப்படி. ராமேஸ்வரம் தீவில் 323 மீட்டர் உயரத்துக்கு டிவி கோபுரம் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு ஊறும்.

எனக்கு இந்த மாற்றம் புதிதில்லை. சின்ன வயதில் எங்கள் வாப்பா கொழும்பில் கடையில் இருந்தார். அவர் கடிதம் வந்து சேரப் பத்து நாள், கொழும்பு ரேடியோ அந்த நொடியே வரும். கீழக்கரையில் அன்றைக்கு மெட்ராஸை யார் கேட்டார்? கொழும்பில் பேசிய மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது இவர்களைத்தான் கேட்டோம். காலையில் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி ஆரம்பித்தால் தெரு முழுக்க ஒரே பெட்டி பாடுகிற மாதிரி இருக்கும், நடந்து போனால் ஒரு வரியும் விட்டுப் போகாது. கே.எஸ்.ராஜா வேகமாகப் பேசுவார், எங்கள் உம்மாவுக்கு பாதி புரியாது, ஆனாலும் அவர் வந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பார். அதே பாட்டுகளை இப்போது பேரன் போனில் போட்டுக் காட்டுகிறான். பாட்டு வருகிறது, உம்மா அடுப்படியிலிருந்து வரவில்லை.

மெமரி கார்டு யோசனையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.


ஒற்றைப்பனை — திங்கள் மாலை 6.02

காக்கா, நெஞ்சைத் தொட்டுவிட்டீர்கள், சரி. ஆனால் கொழும்புக்காரர் உங்களுக்காகவா போட்டார்? அவருக்கும் விளம்பரம்தானே? அது வர்த்தக சேவை. இந்தியாவில் விற்கிற சாமானுக்குத்தான் விளம்பரம் ஓடியது. இந்த மிளகாய் சொல்லும் கணக்கை அன்றைக்கும் யாரோ ஒருவர் போட்டிருப்பார்.


மர்பி பெட்டி — திங்கள் மாலை 6.15

போட்டிருப்பார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் நாங்கள் இருந்தோம். கடலுக்கு இந்தப் பக்கமும் ஆள் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பெயரையும் ஊரையும் சொல்லி வாசித்தார்கள். இப்போது தூத்துக்குடியில் கேட்டால் கீழக்கரை எங்கள் எல்லையில் இல்லை என்பார்கள்.


தொண்டி டீச்சர் — திங்கள் இரவு 8.25

நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. பிபிசி தமிழோசை 1941-ல் ஆரம்பித்து 2017 ஏப்ரல் 30 அன்று வானொலி ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. இரவு 9.15-க்குச் சிற்றலையில் தேடிப் பிடித்துக் கேட்ட என் அப்பாவுக்கு அது கடைசி நாள் என்று தெரிந்திருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், யாரையோ வழியனுப்புகிற மாதிரி. இந்தச் சென்னை ஸ்டேஷன் மாறுவது அவர்கள் உரிமை, மிளகாய் தம்பி சொல்வது சரி. ஆனால் மூன்று வாரமாகப் பதிவைப் போட்டுவிட்டு, போனை எடுக்காமல், மெட்டிலிருந்து ஒரு வார்த்தையை மட்டும் நைசாக உருவிவிட்டு, இதெல்லாம் என்ன? வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லத் தைரியமில்லாமல் தண்ணீரை நிறுத்துகிற வேலை.

கவனித்தீர்களா, நேற்று தடயம் போதாது என்று சொன்ன நானே இப்போது மாறப் போகிறது என்று முடிவு கட்டிப் பேசுகிறேன். திருத்திக்கொள்கிறேன்: மாறுவது உண்மையானால்.


சாயல்குடி மிளகாய் — திங்கள் இரவு 8.44

டீச்சர், முன்கூட்டிச் சொன்னால் விளம்பரக்காரர் ஓடுவார், பேசுகிறவர் போட்டி ஸ்டேஷனுக்குப் போவார். அதனால்தான் எவரும் சொல்வதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து வைத்தால் வேறு குரல் இருக்கும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்.


தொண்டி டீச்சர் — திங்கள் இரவு 8.47

உலகம் முழுக்கச் செய்தால் நைஸ் வேலை நல்ல வேலை ஆகிவிடுமா?


வாடைக்காற்று — செவ்வாய் காலை 8.50

வந்துவிட்டோம். மீன் ஏலம் போட்டாயிற்று. மீன்பாடு சுமார்தான், கணவாய் கொஞ்சம்.

நேற்று இரவு நடந்ததைச் சொல்கிறேன். 10 மணிக்கு மெட்டு வந்தது, ஆள் வரவில்லை. பாட்டு, பாட்டு, விளம்பரம், பாட்டு. பழைய பாட்டுதான், அதில் மாற்றமில்லை. டிரைவர், "ஆளைத் தூக்கிட்டானுங்கடா" என்றார். 11.20 சுமாருக்கு ஒருவர் பேசுகிற சத்தம் வந்தது. எல்லோரும் காதைத் தீட்டினால், சிங்களம். அதே இடத்தில் இலங்கை ஸ்டேஷன் ஏறிவிட்டது. அப்புறம் பாதிப் பாட்டு தமிழ், பாதிப் பாட்டு சிங்களம் என்று மாறி மாறி வந்தது. ஒரு மணிக்கு வலை தூக்குவதற்குப் பதில் ஒன்றே காலுக்குத்தான் எழுப்பினேன். போட் முதலாளி சம்மாட்டிக்கு இது தெரியாது.

கரையில் யாராவது முழுசாகக் கேட்டீர்களா?


மர்பி பெட்டி — செவ்வாய் காலை 9.30

நான் பதினொன்றே காலோடு தூங்கிவிட்டேன் தம்பி, வயசு. அதுவரை அவர் பேசவில்லை. சிங்களம் ஏறியதற்கு இதுதான் காரணம்: எஃப்எம்மில் இரண்டு ஸ்டேஷன் ஒரே இடத்தில் வந்தால் இரண்டும் கலந்து கேட்காது. அந்த நொடியில் எது கொஞ்சம் பலமோ அது மற்றதை முழுசாக அமுக்கிவிடும். அதனால்தான் கத்தரித்து ஒட்டினது போல மாறும்.


நண்டு கம்பெனி — செவ்வாய் காலை 9.36

எங்கள் வீட்டில் அப்பா பத்தரைக்கே செட்டை அணைத்துவிட்டார். "பேசுற ஆள் இல்லாம எதுக்கு" என்றார். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.


சாயல்குடி மிளகாய் — செவ்வாய் காலை 10.10

நான் கேட்டேன். சென்னையில் நேரடியாக, 1 மணி வரை. 12.50-க்கு வந்தார். பதிவு இல்லை, நேரடிதான், மணியைச் சொன்னார். "நாளைக்கு உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பத்து மணிக்கு வந்துவிடுங்கள்" என்றார். அவ்வளவுதான். ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.


தொண்டி டீச்சர் — செவ்வாய் காலை 10.14

மணி 12.50 வரை யாருமே கேட்காத ஒரு நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களா தம்பி?


சாயல்குடி மிளகாய் — செவ்வாய் காலை 10.15

தொழில் விஷயமாகக் கேட்டேன்.


நண்டு கம்பெனி — செவ்வாய் காலை 10.16

எந்தப் பாட்டு போட்டார்?


சாயல்குடி மிளகாய் — செவ்வாய் காலை 10.31

சோகப் பாட்டுதான். நன்றாகத்தான் இருந்தது.


ஒற்றைப்பனை — செவ்வாய் காலை 11.00

'ஒரு விஷயம்' என்றால் விடைபெறுவதாகவும் இருக்கலாம், நேரம் மாறுவதாகவும் இருக்கலாம், அவருக்குக் கல்யாணமாகவும் இருக்கலாம். இதை வைத்து இன்னும் நாற்பது பதிவு போடாதீர்கள்.


வாடைக்காற்று — செவ்வாய் மாலை 4.45

தூங்கி எழுந்து இப்போதுதான் பார்த்தேன். இன்றைக்கு ராத்திரி கரையில்தான் இருப்பேன். வீட்டுக்குள் வைத்தால் இரைச்சல் அதிகம், தெற்குவாடியில் நிற்கும் போட்டின் மேலே ஏறி செட்டை வைத்துக் கேட்கலாம் என்று டிரைவரும் வருகிறேன் என்கிறார். நேற்று மாதிரி சிங்களம் ஏறிவிட்டால் விஷயம் போய்விடும். மர்பி காக்கா, செட்டோடு கம்பி கட்டினால் நிற்குமா? எவ்வளவு நீளம் வேண்டும்?


மர்பி பெட்டி — செவ்வாய் மாலை 5.10

சாதாரண வீட்டு ஒயர் போதும். இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டர். ஒரு மூங்கிலில் நேர்க்கோடாக, படுக்கைவாட்டில் கட்டு. நடுவில் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அங்கிருந்து இரண்டு இழை ஒயரைக் கீழே இறக்கி, ஒரு இழையை செட்டின் ஏரியலில் சுற்று, இன்னொன்றை பேட்டரிப் பெட்டியின் நெகட்டிவ் தகட்டில் செருகு. உனக்குத் தூத்துக்குடி தென்மேற்கு. மூங்கிலின் நுனி அந்தப் பக்கம் நீட்டக் கூடாது, குறுக்கே நிற்க வேண்டும். அப்போது இலங்கை ஸ்டேஷன் எந்தத் திசை என்பதைப் பார்த்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு, அது அடங்குகிற இடத்தில் நிறுத்து. ஒன்பதரைக்கே போய்க் கட்டிவிடு, பத்து மணிக்கு ஆரம்பிக்காதே. செல் புதுசாகப் போடு.